வாயை அடைத்தனர், விழி பேசிற்று!

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் பழமொழி. சொல் மட்டுமா? ஏழையின் முகமும் ஏறாது! மாளிகைக் கூடத்திலே சட்டம் போட்டு மாட்டப்பட்டிருப்பது யார் முகம்? சீமானின் முகம், சீமானுடைய பாட்டனின் முகம்! அந்த மாளிகைக்குக் கல் சுமந்தவன் முகத்தை எந்தச் சுவர் தாங்கிற்று?

இந்தக் கேள்விக்குத் தம் உழைப்பாலே விடை தந்தவர் ஒருவர் அமெரிக்காவிலே இருந்தார். மில்டன் ரோகோவின் என்பது அவர் பெயர். 1909-ல் நியூயார்க்கிலே பிறந்து, 2011-ல் 101-ஆம் வயதில் மறைந்தவர். கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது அவர் தொழில். இரும்பாலைப் புகை சூழ்ந்த பஃபலோ நகரிலே, தொழிற்சங்கத் தோழர்கள் நாடி வந்த கடை அவருடையது.

பொதுவுடைமை இயக்கத்தோடு அவருக்கிருந்த உறவு ஆள்வோர் கண்ணை உறுத்திற்று. 1957-ல், 'அமெரிக்க விரோதச் செயல்களை' விசாரிக்க அந்நாட்டுக் காங்கிரஸ் அமைத்திருந்த கமிட்டி அவரை அழைத்தது. கேட்ட கேள்விகளுக்குப் பதில் கூற மறுத்தார். ஊரின் தலையாய சிவப்பர் என்று பத்திரிகை முத்திரை குத்திற்று. வாடிக்கை சரிந்தது. பழகியவர்கள் முகம் திருப்பினர். வாயை அடைத்துவிட்டோம் என்று வல்லவர்கள் மகிழ்ந்தனர்.

அடைத்தார்களா? அடுத்த ஆண்டே காமிராவை எடுத்தார் ரோகோவின்! கடை அறைகளையே கோயிலாக்கி வழிபட்ட கறுப்பின மக்களின் பாடல்களை, அவருடைய நண்பரான இசைப் பேராசிரியர் ஒருவர் பதிவு செய்து கொண்டிருந்தார். படமெடுக்க இவரை அழைத்தார். நண்பரின் பணி சில மாதங்களிலே முடிந்தது. இவரோ மூன்றாண்டுக் காலம் அங்கேயே உழைத்தார். 1962-ல் அந்தப் படங்கள் 'அபர்ச்சர்' இதழிலே வந்தபோது, முன்னுரை வழங்கியவர் கறுப்பின மக்களின் பேரறிஞர் டூபாய்ஸ்!

1967-ல் கவிஞர் நெருடாவின் அழைப்பை ஏற்றுச் சிலி நாட்டுச் சீலோவே தீவுக்குச் சென்றார். அப்பலாச்சிய மலை முதல் ஸ்காட்லாந்து, சீனம், கியூபா, ஜிம்பாப்வே வரை சுரங்கத் தொழிலாளரைத் தேடிப் போனார். 1976 முதல் பஃபலோவின் ஆலைகளிலே படமெடுத்தார். உலைக்கு முன்னே கரியும் கவசமுமாக ஒரு படம். அதே தொழிலாளி வீட்டிலே, பிள்ளைகள் சூழ இன்னொரு படம். கூலிப் பட்டியலிலே வெறும் எண்ணாக இருந்தவன், தகப்பனாக நிமிர்ந்து நிற்கிறான்!

அவர் பணியின் சிகரம் பஃபலோவின் கீழ் மேற்குப் பகுதி. இத்தாலியர் வாழ்ந்து, பிறகு புவெர்ட்டோ ரிக்கோ மக்களும் கறுப்பரும் செவ்விந்தியரும் குடியேறிய சில தெருக்கள். 1972-ல் போனபோது, போலீஸ் ஆளோ என்று ஐயுற்றனர். மனைவி ஆனும் உடன் சென்றார். அனுமதி கேட்டார், எப்படி நிற்பது என்பதை அவர்கள் விருப்பத்துக்கே விட்டார், எடுத்த படத்தின் பிரதியைக் கொண்டுபோய்க் கையிலே கொடுத்தார். ஐயம் அகன்றது. 1980-களிலும், 1992-லும், தொண்ணூறைக் கடந்த முதுமையிலும் பழைய படங்களோடு போய் அதே மனிதர்களைத் தேடினார். குழந்தையாக நின்றவள் தாயாக நின்றாள், இளைஞன் நரைத்திருந்தான், சிலர் மறைந்தே போயிருந்தனர்.

வறுமையைப் படமெடுத்து விற்போர் உண்டு. அவர்கள் ஒருமுறை வருவார்கள், எடுப்பார்கள், போவார்கள். திரும்பி வருகிறவன்தான் உறவினன்!

படம் பசி தீர்க்குமா என்று கேட்கலாம். தீர்க்காது. லாக்கவானாவின் பெத்லகேம் உருக்காலை 1983-ல் மூடப்பட்டதைப் படங்கள் தடுத்துவிடவில்லை. ஆனால், இங்கே மனிதர் உழைத்தனர், இவர்களை வீதியிலே நிறுத்தினீர்கள் என்று சாட்சி சொல்ல அந்தப் படங்கள் இருக்கின்றன. சாட்சியே இல்லாத அநீதியன்றோ முதலாளிக்கு மிகவும் வசதியானது!

1999-ல் அவருடைய படச்சுருள்களையும் படங்களையும் கேட்டுப் பெற்றுக்கொண்டது எது தெரியுமா? அமெரிக்கக் காங்கிரசின் நூலகம்! எந்தக் காங்கிரசின் கமிட்டி அவரை விரோதி என்றதோ, அதே காங்கிரசின் நூலகம்! கமிட்டி 1975-லேயே கலைந்தது. ஏழையின் முகமோ அம்பலம் ஏறிற்று. இனி அதை இறக்குவார் இல்லை!