கூலி இல்லாத கடப்பாரை வேலை!
மராட்டியக் கோட்டைகளின் மலைப்பாதைகளைக் காக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்கள்

மழைக்காலம் ஓய்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மும்பையில் இருந்தும் புனேயில் இருந்தும் புறப்படும் ரெயில்களில் ஒரு கூட்டத்தைக் காணலாம். முதுகில் பை. பைக்குள் சப்பாத்தி, தண்ணீர். சாக்கில் சுற்றிய மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை.

உல்லாசப் பயணமா? இல்லை! கோட்டைக்குச் செல்லும் மலைப்பாதையைச் செப்பனிடப் போகிறார்கள். கூலி கிடையாது. டிக்கெட்டும் சொந்தச் செலவு.

இதற்கு மராத்தியில் "சிரமதான்" என்று பெயர். நாம் சிரமதானம் என்கிறோமே, அதுதான். ஆபீஸ் குமாஸ்தா, தொழிற்சாலைத் தொழிலாளி, கல்லூரி மாணவர் என்று எல்லோரும் இதில் உண்டு.

இரும்புக் கோட்டை

மராட்டியத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கோட்டைகள் இருக்கின்றன. லோனாவாலாவுக்கு அடுத்த மலவ்லி நிலையத்தில் இறங்கி நடந்தால் லோககட் வரும். பெயருக்குப் பொருள், இரும்புக் கோட்டை.

1648-ல் சிவாஜி இதைப் பிடித்தார். 1665-ல் புரந்தர் உடன்படிக்கைப்படி மொகலாயரிடம் ஒப்படைத்தார். 1670-ல் மீட்டார். இத்தனை சண்டை கண்ட கோட்டைக்கு இன்றைய பகைவன் யார் தெரியுமா? மழைத் தண்ணீர்!

தண்ணீரின் வேலை

மலையில் பெய்யும் மழை சுலபமான வழியைத் தேடும். மனிதன் நடந்து நடந்து பள்ளமான பாதையே அதற்கு வாய்க்கால். மண் கரையும். படிக்கல் ஆடும். சேற்றுக்குப் பயந்து ஆட்கள் ஓரத்தில் நடப்பார்கள். அங்கே புல் சாகும். அடுத்த மழையில் அதுவும் பள்ளமாகும். வளைவைச் சுற்ற அலுத்துக் குறுக்கே இறங்குவோரால் இன்னொரு வாய்க்கால் பிறக்கும்.

தொண்டர்களின் வைத்தியம் எளியது. பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கல்வரிசை பதிப்பார்கள். ஓடி வரும் தண்ணீர் அதில் மோதிப் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிவிடும். கல்லில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையே அதை உருட்டிவிடும். பிறகு, அடைத்துக்கொண்ட ஓடையைத் தூர் வாருவார்கள். முள்ளை வெட்டுவார்கள். பிளாஸ்டிக் பாட்டில்களைச் சாக்கில் கட்டிக் கீழே சுமந்து வருவார்கள்.

பாதை கெட்டால் நஷ்டம் பார்க்க வருவோருக்கு மட்டும் அல்ல. மேலே ஒருவர் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டால் ஆம்புலன்ஸ் அங்கே ஏறாது. அடிவாரத்து ஆட்கள்தான் அவரை அதே பாதையில் சுமந்து இறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பாக்ரி சுட்டும் மோர் விற்றும் பிழைக்கும் குடும்பங்களுக்கும் அந்தப் பாதைதான் சோறு போடுகிறது.

கை வைக்க அனுமதி

ஆசை இருக்கிறது என்று யாரும் கல்லைப் புரட்டிவிட முடியாது. லோககட் மத்திய தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். துறையின் அனுமதி வேண்டும். காட்டுப் பகுதியானால் வனத்துறையையும் கேட்க வேண்டும். இடிந்த சுவரில் சிமெண்டைப் பூசினால் அது தொண்டு ஆகாது, சேதம்! சுவரில் பெயர் கீறுவோருக்கு 1958-ம் ஆண்டுச் சட்டத்தில் சிறைத் தண்டனையே உண்டு.

செஞ்சியும் சொந்தம்

தமிழர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மராட்டியத்தில். லோககட், ராய்கட், ராஜ்கட் எல்லாம் அதில் அடக்கம். பன்னிரண்டாவது எது? நம் செஞ்சி!

1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். பின்னர் அவருடைய மகன் ராஜாராம், மொகலாயர் முற்றுகைக்கு நடுவே அங்கிருந்து ஆட்சி செய்தார். 1698-ல்தான் செஞ்சி மொகலாயர் கைக்குப் போனது. ஆக, பிழைக்க வந்த ஊரின் கோட்டையும் பிறந்த மண்ணின் கோட்டையும் இன்று ஒரே பட்டியலில்.

இந்த வேலைக்கு முடிவு கிடையாது. இன்று பதித்த கல்லை அடுத்த ஆடி மழை ஆட்டிப் பார்க்கும். மறுபடியும் போக வேண்டும். போக முடியாதவர்களும் ஒன்று செய்யலாம். மலை இறங்கும்போது வளைவில் குறுக்கே பாயாமல் சுற்றியே நடக்கலாம். அதுவும் சிரமதானம்தான்.