சீறும் ஆற்றில் படகுப் பயணம்: திட்டமிடுவது எப்படி?

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில் ஆறு என்றால் நெய்யாறுதான். அகத்தியமலையில் பிறந்து, அணையில் தங்கி, பூவாறு அருகே கடல் சேரும் அது, சமவெளிக்கு வந்தபின் பெரும்பாலும் அமைதியாகவே ஓடுகிறது. பாறைகளிடையே நுரைத்துப் பாயும் நீரில் கயாக் செலுத்த விரும்புவோர் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியை நாடலாம். அங்குள்ள சாலிப்புழையும் இருவஞ்ஞிப்புழையும், 2013இல் தொடங்கிய மலபார் ஆற்றுத் திருவிழாவால் பன்னாட்டு வீரர்களும் அறிந்தவை.

நீரோட்டத்தின் கடுமையைப் பன்னாட்டு அளவில் ஆறு நிலைகளாகப் பிரிக்கின்றனர். நான்காம் நிலையில் படகைத் துல்லியமாகச் செலுத்தும் தேர்ச்சி வேண்டும். ஐந்தாம் நிலையில் மீட்புப் பணியே கடினம். ஆனால் இந்த நிலை மாறாததன்று. மலையில் சில மணி நேரம் கனமழை கொட்டினால், நேற்று மூன்றாம் நிலையில் இருந்த ஓட்டம் இன்று ஐந்தாம் நிலையை எட்டக்கூடும். கீழே வெயில் அடிப்பதால் மேலேயும் மழையில்லை என்று கொள்ளலாகாது.

ஆகவே, திட்டத்தின் உயிர்நாடி 'இன்று இறங்க வேண்டாம்' என்று சொல்லும் உரிமையே. பல வேளைகளில் அதைப் பறிப்பது நாம் முன்கூட்டியே செலுத்திய பணம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ரயிலில் சென்று, அறைக்கும் வழிகாட்டிக்கும் பணம் கட்டிய பின் வெறுங்கையுடன் திரும்ப மனம் வராது. இதற்கு மாற்று எளிது: ஒருநாள் கூடுதலாக ஒதுக்குவோம், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவையே தேர்வோம், ஆற்றில் இறங்காவிட்டால் ஏற்படும் இழப்பைத் தொடக்கத்திலேயே செலவுக் கணக்கில் சேர்ப்போம். இந்திய வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் பயணம் இல்லை என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்வோம்.

தலைக்கவசம், உடலோடு இறுகப் பொருந்தும் மிதவைச் சட்டை, எறிகயிறு ஆகியவை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில் கரையேறிப் பார்த்த பிறகே படகைச் செலுத்த வேண்டும். விழுந்து கிடக்கும் மரங்களும் தடுப்பணைகளும் மிகக் கொடியவை. தடுப்பணையின் கீழே சுழலும் நீர், விழுந்தவரை மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கும். புறப்படும் இடம், கரைசேரும் இடம், நேரம் ஆகியவற்றை வீட்டார் ஒருவரிடம் எழுதிக் கொடுப்போம். அவசர அழைப்பு எண் 112.

பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம், 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தருகிறது. மருத்துவமனைச் செலவு அதில் அடங்காது. தனிநபர் விபத்துக் காப்பீடுகள் பல, சாகச விளையாட்டுகளை விலக்குவதுண்டு. எனவே, பயணத்திற்கு முன் பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் படித்து, ஐயமிருப்பின் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து வடிவில் விளக்கம் பெறுவது நலம்.

ஆறு அடுத்த ஆண்டும் ஓடும். இழந்த முன்பணத்தை மீண்டும் சேமித்துவிடலாம்.