இங்கிலாந்தில் ஆசிரியராக

பட்டம் பெற்று ஆசிரியராக வேண்டும் என்று விரும்புவோர் நம்முள் பலர் உண்டு. அவர்களுள் சிலருக்குக் கடல் கடந்து சென்று கற்பிக்கும் ஆவலும் இருக்கலாம். நம் நாட்டு பி.எட். பட்டம் அங்குச் செல்லுமா என்பதை இங்கிலாந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

அந்நாட்டில் ஆசிரியருக்குரிய முழுத் தகுதிக்கு க்யூ.டி.எஸ். என்று பெயர். 2012 முதல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நாடுகளின் ஆசிரியர்கள் இதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடிந்தது. நம்மவருக்கு அவ்வாய்ப்பு 2023 பிப்ரவரியில்தான் கிட்டியது. கானா, நைஜீரியா, சிங்கப்பூர் முதலியவற்றோடு இந்தியாவும் அப்போது சேர்க்கப்பட்டது.

ஆயினும் கதவு முழுவதும் திறக்கவில்லை. 11 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் ஆகியவற்றைக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கே இவ்வழி. ஆங்கிலம் இம்மொழிகளுள் சேராது! இருபது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவருக்கும், தொடக்கப் பள்ளி ஆசிரியைக்கும் இடமில்லை. அங்கு எப்பாடங்களுக்கு ஆள் கிடைப்பது அரிதோ அவற்றுக்கே அழைப்பு என்பது புரிகிறது. எனினும் திறமையை அளக்க இது சரியான கோல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்நாட்டுப் பட்டத்திற்கு நிகரான பட்டம், ஓராண்டுக்குக் குறையாத ஆசிரியப் பயிற்சி, பயிற்சிக்குப் பின் ஓராண்டேனும் பள்ளி அனுபவம், ஆங்கிலத் தேர்ச்சிக்குச் சான்று ஆகியவை வேண்டும். எனவே பி.எட். முடித்த கையோடு விண்ணப்பிக்க இயலாது.

இவ்விண்ணப்பத்திற்குக் கட்டணம் கிடையாது. இதை வீட்டுப் பெரியவர்களிடம் அவசியம் கூறுங்கள். 'க்யூ.டி.எஸ். வாங்கித் தருகிறேன், விண்ணப்பக் கட்டணம் இவ்வளவு' என்று யாரேனும் கேட்டால், அதை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம்.

வேறொன்றும் உண்டு. தகுதி கிடைத்தால் வேலை கிடைத்ததாகாது, விசாவும் தனி. பள்ளி ஒன்று வேலை தர முன்வந்து, விசாவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். க்யூ.டி.எஸ். இல்லாமலும், தம் நாட்டில் முழுத் தகுதி பெற்ற ஆசிரியர் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் நான்கு ஆண்டுகள் வரை கற்பிக்கலாம். வரலாற்று ஆசிரியருக்கு இது ஒரு வழி. அந்த நான்காண்டுக்குள் பள்ளியில் பணியாற்றியபடியே மதிப்பீட்டுக்கு உட்பட்டுத் தகுதியைப் பெற்றுவிடுவது நலம்.

இவையெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்து பக்கத்தில்தான் இருக்கிறது; ஆனால் அங்குக் கற்பிக்க அதற்கென உள்ள ஆசிரியர் மன்றத்தில் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.