சாயும் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று?

காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையே செய்யாற்றையொட்டி இருக்கும் காவாந்தண்டலம் போன்ற ஊர்களில் மாட்டுவண்டியின் மரச்சக்கரமும் இரும்புப் பட்டையும் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது எல்லாம் டயர் வண்டிதான். அந்த டயரும் பல நேரம் ஜீப்பிலோ வேனிலோ ஓடித் தேய்ந்து, இங்கே இரண்டாம் பிழைப்புக்கு வந்ததாக இருக்கும். வேறொரு வண்டிக்காகச் செய்த டயர் நெல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு வருடக்கணக்கில் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. அப்படியானால் கார் டயரை மோட்டார் சைக்கிளில் மாட்டினால் என்ன?

இதை உண்மையிலேயே செய்துபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹோண்டா கோல்டுவிங் போன்ற கனமான வண்டிகளில் நெடுந்தூரம் போகிறவர்களில் ஒரு சிறு கூட்டம் பின்சக்கரத்தில் கார் டயர் போட்டு ஓட்டுகிறது. பைக் டயரைவிட அது பல மடங்கு தூரம் உழைக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நம் பக்கத்தில் காரணம் வேறு. புல்லட்டோ அவெஞ்சரோ, பின்னாலிருந்து பார்த்தால் சக்கரம் அகலமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. காரணம் எதுவானாலும், மாட்டிய மறுநிமிடம் எழும் கேள்வி ஒன்றே: இதற்கு எத்தனை காற்று அடிப்பது? கார் கம்பெனி சொன்ன எண்ணா, பைக் கம்பெனி சொன்ன எண்ணா? வெளிநாட்டில் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் இருபதுகளின் நடுவிலிருந்து நாற்பது பி.எஸ்.ஐ. வரை ஆளுக்கு ஓர் எண் சொல்கிறார்கள். இத்தனை குழப்பம் ஏன் என்று பார்த்தால், நாம் தினம் ஓட்டும் சாதாரண வண்டியின் காற்றைப் பற்றியும் நிறையப் புரிந்துவிடும்.

வண்டியைத் தாங்குவது ரப்பர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். தாங்குவது காற்று, ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றை ஓர் உருவத்துக்குள் பிடித்துவைக்கின்றன, அவ்வளவுதான். டயர் தரையில் பதியும் இடத்தின் பரப்பை உள்ளே இருக்கும் அழுத்தத்தால் பெருக்கினால், ஏறக்குறைய அந்தச் சக்கரம் சுமக்கும் எடை வரும். 28 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. பின்சக்கரத்தில் 100 கிலோ இறங்கினால் தரையில் படிவது ஏறத்தாழ 50 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கையைவிடச் சிறிய இடம். எடை கூடினால் அந்தத் தடம் அகலும், டயரின் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மடங்கி நிமிர்வதில் சூடு பிறக்கிறது. காற்றுக் குறைந்த டயர் வெடிப்பதற்கு முன்னால் பொசுங்கிய வாடை வருவது இந்தச் சூட்டினால்.

இந்தக் கணக்கோடு கார் டயருக்கு வருவோம். பஜாஜ் அவெஞ்சரின் பின்சக்கர அளவு 130/90-15. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் வரும் டயர் 185/65 ஆர்15. இரண்டிலும் கடைசி எண் 15 என்று இருப்பதே பலருக்கு ஆசை காட்டுகிறது. அந்தக் கார் டயரின் பக்கவாட்டில் வழக்கமாக 88 என்ற சுமை எண் இருக்கும். 36 பி.எஸ்.ஐ. காற்றில் 560 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். அவெஞ்சரில் இருவர் உட்கார்ந்தாலும் பின்சக்கரத்தில் இறங்குவது 200 கிலோ அளவுதான். வெறும் நேர்விகிதத்தில் கணக்கிட்டால் 13 பி.எஸ்.ஐ. போதும் என்று வரும். டயர்த் துறையினர் பயன்படுத்தும் சூத்திரம் அதைவிடவும் குறைவாகவே சொல்லும்.

13 பி.எஸ்.ஐ. வைத்து ஒரு மோட்டார் சைக்கிளை வளைவில் திருப்பக் கூடாது. டயரின் ஓரத்தில் உள்ள கம்பி வளையத்தை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பதும் அதே காற்றுதான். காற்று குறைந்து பக்கவாட்டு விசை கூடும்போது அந்த ஓரம் ரிம்மை விட்டு உள்ளே நழுவலாம். ட்யூப்லெஸ் டயரில் அப்படி நழுவினால் மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். சரி, காருக்குரிய 36-ஐயே அடித்துவிடலாம் என்றால், அவ்வளவு அழுத்தத்துக்கு 200 கிலோ எடை போதாது. டயர் விறைத்துக்கொண்டு நிற்கும், நடுப்பட்டை மட்டும் தேயும், பள்ளம் மேடெல்லாம் முதுகில் தெரியும். எடை கேட்பது ஓர் எண், வளைவு கேட்பது இன்னோர் எண். கார் டயர் மாட்டியவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறித்தான் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

வளைவுதான் இதில் முக்கியம். நான்கு சக்கர வண்டி திரும்பும்போது சக்கரம் ஏறக்குறைய நேராகவே நிற்கும். அதனால் கார் டயரின் தரைமுகம் தட்டை. இரண்டு சக்கர வண்டி சாய்ந்தால்தான் திரும்பும். ஏரிக்கரைச் சாலைகளில் சாதாரணமாக வரக்கூடிய, 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி சுமார் 23 டிகிரி சாய்ந்தாக வேண்டும். பைக் டயர் உருண்டையாக இருப்பது இதற்காக: எவ்வளவு சாய்ந்தாலும் தரையில் படும் தடத்தின் அளவு பெரிதாக மாறாது, சாய்வும் ஒரே சீராக வரும். தட்டையான கார் டயர் சாயும்போது எடை முழுவதும் அதன் ஒரு ஓர விளிம்புக்கு நகர்கிறது. தடம் நடுவிலிருந்து பக்கத்துக்குத் தள்ளிப்போவதால் டயர் வண்டியை மறுபடி நிமிர்த்தப் பார்க்கிறது. ஓட்டுகிறவர் கைப்பிடியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் வளைந்துகொடுத்து அகலமான தடம் தரையில் படியும். பிடி கூடும், ஆனால் வண்டி ஆடும், திரும்பச் சொன்னால் யோசித்துத் திரும்பும். காற்றைக் கூட்டினால் சட்டென்று சாயும். அப்போது முழு எடையும் ஒரு சின்ன விளிம்பில் நிற்கும். எந்த எண்ணை அடித்தாலும் தட்டையான டயர் உருண்டையாகிவிடாது. காற்றழுத்தத்தால் தீர்க்க முடியாத சிக்கல் இது.

மாட்டுவண்டியில் பழைய ஜீப் டயர் நிம்மதியாக ஓடுவதன் விடையும் இங்கேதான் இருக்கிறது. மாட்டுவண்டி சாய்வதில்லை. மாட்டின் நடை வேகத்தில் டயர் சூடாவதும் இல்லை. மோட்டார் சைக்கிளிலேயே பக்கத்தில் மூன்றாவது சக்கரமும் தொட்டியும் பூட்டிய சைடுகாருக்குக் கார் டயர் பொருந்திப்போவதும் அது சாயாத வண்டி என்பதால்தான். டயர் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைவிட, மாட்டிய பிறகு அந்தச் சக்கரம் என்ன செய்யப்போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரிம்மையும் பார்த்துவிடலாம். 185/65 ஆர்15 டயருக்குக் குறைந்தது 5 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். அவெஞ்சரின் ரிம் மூன்று அங்குலத்தைச் சுற்றியது. அதில் இந்த டயரை ஏற்றினால், வாயைச் சுருக்கிக் கட்டிய சாக்குமூட்டை போல நடு வயிறு பிதுங்கி நிற்கும். செயின் பக்கமோ, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் பக்கமோ உரசவும் செய்யும். பைக் ரிம்மில் டயரின் ஓரம் உட்காரும் மேடையின் வடிவமும் கார் ரிம்மில் இருப்பது போன்றதல்ல. ஓரம் ‘டப்’ என்று உட்கார வேண்டும் என்பதற்காகக் கம்ப்ரசரில் காற்றை ஏற்றிக்கொண்டே போவது, அதை ஏற்றும் பஞ்சர் கடைக்காரரின் கைக்கும் முகத்துக்கும்தான் முதல் ஆபத்து. இந்தியத் தர நிர்ணய அமைப்பு இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகளின் டயருக்கு ஐ.எஸ். 15627 என்றும், கார் டயருக்கு ஐ.எஸ். 15633 என்றும் தனித்தனித் தரம் வைத்திருப்பது சும்மா அல்ல. வண்டியின் அடிப்படை விவரங்களை இஷ்டத்துக்கு மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் தடுக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்திலேயே அப்போலோவின் டயர் ஆலையும் ராயல் என்ஃபீல்டின் வண்டி ஆலையும் இருக்கின்றன. வண்டிக்கேற்ற டயருக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் இந்தச் சோதனை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஐப்பசி மழையில் இன்னொரு சங்கதி சேர்ந்துகொள்கிறது. தண்ணீர் தேங்கிய சாலையில் எந்த வேகத்தில் டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் என்று 1960-களில் நாசாவின் வால்டர் ஹார்ன் குழுவினர் விமானச் சக்கரங்களை வைத்து ஆராய்ந்தார்கள். அந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். அவர்கள் சூத்திரப்படி 30 பி.எஸ்.ஐ.க்கு மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர், 13 பி.எஸ்.ஐ.க்குச் சுமார் 60. சாலை வண்டிக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு அதுதான்: காற்று குறையக் குறைய மிதப்பு சீக்கிரம் வரும். குறுகி உருண்ட பைக் டயர் தண்ணீரை இரு பக்கமும் கிழித்துக்கொண்டு போகும். அகலத் தட்டை டயர், அதுவும் லேசான எடையோடு, தண்ணீரின்மேல் ஏறிக்கொள்ளும்.

கம்பெனி கொடுத்த டயரே போட்டிருப்பவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அழுத்தம், அதன் உச்ச சுமைக்கானது. தினம் அடிக்க வேண்டிய எண் வண்டியின் கையேட்டிலோ செயின் கவர், ஸ்விங் ஆர்ம் பக்கம் ஒட்டியிருக்கும் தாளிலோ இருக்கும். பல 100 சிசி வண்டிகளுக்கு முன்சக்கரம் 25, பின்சக்கரம் 28 என்ற அளவில் சொல்வார்கள். பின்னால் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்கு மட்டும் நாற்பதை ஒட்டிப் போகும். நம் ஊர்களில் பாதிப் பேர் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்ததே இல்லை. “அண்ணே, முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி முப்பது” என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மூன்று பேராக ஏறுகிறோம்.

அளக்கும் நேரமும் முக்கியம். கையேட்டு எண் குளிர்ந்த டயருக்கானது. 30 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். சித்திரை மதியத்தில் தார்ச்சாலை கொதிக்கும்போது ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு கேஜை வைத்தால் அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். காலையில், வண்டி எடுக்கும் முன் அளப்பதே சரி. பிறகு அரை மணி ஓட்டிவிட்டு மறுபடி அளந்து, ஏறியது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், அந்தச் சுமைக்குக் காற்று போதவில்லை, டயர் அதிகமாக மடங்கிச் சூடாகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விலை கம்மியான ஒரு சின்ன கேஜ் இதற்குப் போதும்.

எத்தனை காற்று அடித்தாலும் தாண்ட முடியாத எல்லை ஒன்றும் இருக்கிறது. 100 சிசி வண்டிகளில் பரவலாக வரும் 2.75-18 பின் டயரில் 48 என்ற சுமை எண்ணைப் பார்க்கலாம். அது 180 கிலோ. 110 கிலோ வண்டியில் கணவனும் மனைவியும் ஏறி, பின்னால் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றையும் கட்டிக்கொண்டு உத்திரமேரூரிலிருந்து திரும்பினால், பின்சக்கரத்தில் மட்டும் 200 கிலோவை நெருங்கிவிடும். முப்பதை நாற்பதாக்கினால் டயர் மடங்குவது குறையும், ஆனால் அதன் நூலும் கம்பியும் தாங்கும் அளவு ஒரு கிலோகூடக் கூடாது. மூட்டையை ஏற்றினால் ஆள் ஒருவர்தான் ஏற வேண்டும். மற்றவர் பஸ்ஸில் வரட்டும்.