நெமிலியைத் தேடினால் கிடைக்கவில்லையா? டேட்டாபேஸுக்கு ஒரு தமிழ் பிளக் இன்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முகவரிப் பட்டியல், வாடிக்கையாளர் கணக்கு போன்றவற்றைத் தமிழில் பதிந்து வைக்க விரும்புகின்றனர். ஆம்பூரில் தோல் செருப்பு தயாரிக்கும் ஒருவர் நெமிலி, சோளிங்கர், ஆற்காடு என்று பல ஊர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். 300 கடைகளின் பாக்கியையும் பதிந்துவிட்டார். தேடல் கட்டத்தில் "நெமிலி" என்று டைப் செய்கிறார். எதுவும் இல்லை என்று பதில் வருகிறது. தகவல் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. தேடும் புரோகிராமுக்குத்தான் அது தெரியவில்லை. பணம் தர வேண்டிய கடையே கணக்கில் இல்லாதது போல் ஆகிவிடுகிறது. இது ஏன் ஏற்படுகிறது, ஒரு சிறிய பிளக் இன் எழுதி எப்படிச் சரி செய்யலாம் என்று பார்ப்போம்.

பிளக் இன் என்றால் என்ன?

பவுச்டிபி என்பது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட இலவச டேட்டாபேஸ் லைப்ரரி. லைப்ரரி என்றால் நம் புரோகிராமில் அப்படியே சேர்த்துக் கொள்ளக் கூடிய கட்டளைகளின் தொகுப்பு. அப்பாச்சி கவுச்டிபி என்ற டேட்டாபேஸைப் பின்பற்றி உருவான இது, தகவல்களை உங்கள் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கிறது. எனவே இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் பதியலாம், பார்க்கலாம்.

பவுச் என்றால் பை. தைத்து முடித்த தோல் பையைப் பிரிக்காமல், அதன் வெளிப்புறத்தில் இன்னொரு சிறு பையைத் தைத்துச் சேர்ப்பது போன்றதுதான் பிளக் இன். லைப்ரரியின் உள்ளே கை வைக்காமல் நமக்கு வேண்டிய வசதியைச் சேர்க்கிறோம்.

தமிழ் ஏன் காணாமல் போகிறது?

பவுச்டிபி-க்கு குயிக் சர்ச் என்ற தேடல் பிளக் இன் உண்டு. அது லூனர் என்ற தேடல் லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. லூனர் ஒவ்வொரு சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டியுள்ள காற்புள்ளி, அடைப்புக்குறி போன்றவற்றை வெட்டிவிடும். எது எழுத்து, எது குறி என்பதில்தான் சிக்கல். ஜாவாஸ்கிரிப்டின் பழைய விதிப்படி ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், 0 முதல் 9 வரையிலான எண்கள், அடிக்கோடு ஆகியவை மட்டுமே சொல்லுக்கு உரியவை. மற்ற எல்லாம் குறிகள். எனவே "நெமிலி" முழுவதும் வெட்டப்பட்டு மறைந்துவிடும். பிழைச் செய்தியும் வராது.

எந்த மொழியின் எழுத்தையும் கண்டறியும் வசதி 2018-இல் ஜாவாஸ்கிரிப்டில் சேர்ந்தது. இதிலும் ஒரு கவனம் தேவை. நம் கண்ணுக்கு நெமிலி 3 எழுத்து. யுனிகோடில் அது 6 குறியீடுகள். ந, ம, ல ஆகிய மூன்றும் எழுத்துகள். ஒற்றைக் கொம்பும் இரண்டு இகரக் குறிகளும் துணைக்குறிகள். "எழுத்து மட்டும்" என்று கட்டளை கொடுத்தால் ந, ம, ல மட்டுமே மிஞ்சும். எழுத்து, துணைக்குறி இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம் பிளக் இன் செய்ய வேண்டியவை:

1. ஒரே வடிவம்: சோளிங்கர் என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் பதியலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு சொற்கள். ஜாவாஸ்கிரிப்டில் உள்ள நார்மலைஸ் கட்டளை இரண்டையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டு வரும்.

2. தேடல்: நெமிலி, 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. அந்தப் பெயரை ராணிப்பேட்டை என்றும் எழுதுகிறோம். சொல் "இரா" என்று தொடங்கினால் முதல் இகரத்தை நீக்கிவிட்டு ஒப்பிடச் செய்யவும். தேடும் சொல், பதிந்த சொல் இரண்டிலும் இதைச் செய்ய வேண்டும்.

3. அகர வரிசை: யுனிகோடு எண் வரிசையில் ற முன்னும் ல பின்னும் வருகின்றன. ஆகவே சாதாரணமாக வரிசைப்படுத்தினால் ஆம்பூர், ஆற்காடு, ஆலங்காயம் என்று வரும். அகராதி முறைப்படி ஆம்பூர், ஆலங்காயம், ஆற்காடு என்பதே சரி. லோக்கேல்கம்பேர் கட்டளையில் தமிழுக்கு உரிய மொழிக் குறியீட்டைக் கொடுத்தால் சரியான வரிசை கிடைக்கும்.

எழுதும் முறை:

தனி பைல் ஒன்றைத் திறந்து, மேற்கண்ட ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பங்ஷன் எழுதவும். ஜாவாஸ்கிரிப்டில் பங்ஷனுக்குத் தமிழ்த்தேடல், தமிழ்வரிசை என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். பிறகு இந்தப் பங்ஷன்களை ஒரே தொகுப்பாக்கி, பவுச்டிபி-யின் பிளக்இன் என்ற கட்டளையிடம் கொடுக்கவும். அவ்வளவுதான். இனி லைப்ரரியுடன் வந்த கட்டளைகளைப் போலவே உங்கள் கட்டளைகளும் செயல்படும். பங்ஷனுக்குள் திஸ் என்று குறிப்பிட்டால் அது நீங்கள் திறந்துள்ள டேட்டாபேஸைக் குறிக்கும். தகவலைப் படிக்கச் சிறிது நேரம் ஆகும் என்பதால், பதில் வரும் வரை காத்திருக்கும்படி எழுத வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

* லைப்ரரியில் முன்பே உள்ள கெட், புட் போன்ற பெயர்களை வைக்க வேண்டாம். லைப்ரரியின் கட்டளைகளோடு குழப்பம் ஏற்படலாம்.

* பிறர் எழுதிய பிளக் இன் உங்கள் தகவல் அனைத்தையும் படிக்க முடியும். தெரியாத இடத்திலிருந்து வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

* பிரவுசரில் தளத் தகவல்களை நீக்கினால் பட்டியலும் போய்விடும். எனவே வாரம் ஒரு முறையாவது வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்கவும்.

* எந்தத் தேடல் பிளக் இன் சேர்த்தாலும் முதலில் உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் தேடிப் பார்க்கவும். அது கிடைத்த பிறகு மற்ற கணக்குகளைப் பதியத் தொடங்கலாம்.