தயங்கிய தந்தையும் தயங்காத மகனும்
கண்டி மண்ணில் நடந்த ஒரு துன்பியல் நாடகம்

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையைத் தரிசித்து, எண்கோண மண்டபத்தை அண்ணாந்து நோக்கி, ஏரிக்கரையில் சற்றே உலாவித் திரும்புவது வழக்கம். அவர்களுள் சிலர் மாளிகைக்கு அணித்தாயுள்ள நாத தேவாலயத்துக்கும் பத்தினி தேவாலயத்துக்கும் செல்வதுண்டு. அங்கே வீற்றிருக்கும் பத்தினித் தெய்வம் வேறு யாருமல்லள், நம் கண்ணகியேதான். இந்தத் தேவாலயங்களின் அயலிலே, 1814ஆம் ஆண்டு மே மாதத்தில், கல் நெஞ்சமும் கரையத்தக்க ஒரு சம்பவம் நிகழ்ந்தது. ஒரு தாயின் கண்ணெதிரே அவளது குழந்தைகள் சிரச்சேதம் செய்யப்பட்டனர். பின்னர் அத்தாய் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள். அந்தக் குளம் தூர்ந்து நகரின் சந்தடிக்குள் மறைந்துவிட்டது. ஆனால் அந்தத் துயரம் இன்னும் மறையவில்லை.

அந்தத் தாய் எகலப்பொலக் குமாரிகாமி. அவளுடைய கணவர் கண்டி இராச்சியத்தின் மகா அதிகார், அதாவது முதன் மந்திரி, எகலப்பொல. அவர் அன்று அந்த இடத்தில் இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்ற கேள்வியில்தான் இக்கட்டுரையின் பொருள் அடங்கியிருக்கிறது.

டென்மார்க்கு இளவரசனின் கதை

துன்பியல் நாடகத்தின் தலைவன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும் என்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் ஆராய்ந்திருக்கிறார். அவன் முற்றிலும் நல்லவனுமல்லன், முற்றிலும் தீயவனுமல்லன். தன்னிடமுள்ள ஒரு பிழையினாலே உயர்ந்த நிலையிலிருந்து வீழ்கிறவன். அவ்வாறு வீழ்கிறவனைக் காணும்போதுதான் நமக்கு இரக்கமும் அச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன என்பது அவர் கருத்து.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் இத்தகைய தலைவன். தன் தந்தையைக் கொன்றவன் சிற்றப்பனே என்று தந்தையின் ஆவி வந்து சொல்கிறது. பழி வாங்கும்படி மைந்தனை ஏவுகிறது. அவனோ ஐயுறுகிறான். ஆவி மெய்யா, மாயமா என்று சோதிக்க ஒரு நாடகத்தையே நடத்துகிறான். குற்றம் தெளிவாகிறது. அதன் பின்னும், சிற்றப்பன் தனித்திருந்து வழிபடும் சமயத்தில், உருவிய வாளைத் திரும்பவும் உறையில் இடுகிறான். வழிபடும்போது கொன்றால் அவன் மோட்சத்துக்குப் போய்விடுவானே என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொள்கிறான். முடிவில் அவனையும் சிற்றப்பனையும் உட்பட எட்டு உயிர்கள் மாய்கின்றன. அவற்றுள் அவனைக் காதலித்த பேதைப் பெண்ணின் உயிரும் ஒன்று.

இந்த நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘அமலாதித்யன்’ என்ற பெயரில் தமிழ் மேடைக்குத் தந்தார். தமிழருக்கு இக்கதை அந்நியமாய்த் தோன்றவில்லை. தோன்றவும் நியாயமில்லை. குருசேத்திரத்தில் வில்லை நழுவவிட்டு நின்ற அருச்சுனனை நாம் அறிவோமல்லவா? ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அருச்சுனனுக்குத் தேரோட்டியாக ஒரு கண்ணன் வாய்த்தான். ஹாம்லெட்டுக்கு அவன் மனமே துணை, அவன் மனமே பகை.

எகலப்பொலவுக்கும் கண்ணன் வாய்க்கவில்லை.

அரசனும் மந்திரியும்

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன். மதுரை நாயக்கர் வழிவந்த கண்ணுசாமி என்னும் இளைஞன், 1798ஆம் ஆண்டில் அப்பெயருடன் முடிசூடினான். அவனை அரியணையில் ஏற்றியவர் அன்றைய மகா அதிகார் பிலிமத்தலாவை. இளைஞனைப் பொம்மையாக்கித் தாமே ஆளலாம் என்று அவர் எண்ணினார். அந்த எண்ணம் பலிக்கவில்லை. அரசன் கையாலேயே அவருக்கு மரண தண்டனை கிடைத்தது. அவருக்குப்பின் முதன் மந்திரியானவரே எகலப்பொல.

மன்னனை வெறும் கொடியவனாகச் சித்திரிப்பதில் ஆங்கிலேயருக்கு ஆதாயம் இருந்தது என்பதை மறத்தலாகாது. இன்று கண்டிக்கு அழகு தரும் ஏரியும் எண்கோண மண்டபமும் அவன் காலத்தில் எழுந்தவையே. ஆனால் சூழ்ச்சிகளின் நடுவே வளர்ந்தவனுக்கு எவரிடத்தும் நம்பிக்கை நிலைக்கவில்லை. சந்தேகம் தோன்றியதும் தண்டனையும் தோன்றியது. மந்திரியின் பிழை தாமதம் என்றால், மன்னனின் பிழை அவசரம்.

கண்டி இராச்சியத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாகாணங்களுக்கு அதிபதிகளாகச் செல்லும் பிரதானிகளின் மனைவி மக்கள் தலைநகரிலேயே தங்கியிருத்தல் வேண்டும். வெளிப்பார்வைக்கு அது கௌரவம். உண்மையில் அது பிணை. சப்பிரகமுவையின் திசாவையாயிருந்த எகலப்பொலவின் குடும்பமும் அவ்வாறே கண்டியில் இருந்தது.

இரண்டு மனம்

1814ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசனுக்கும் மந்திரிக்கும் இடையே பகை முற்றியது. தலைநகருக்கு வருமாறு ஆணை பிறந்தது. போனால் தம் தலை போகும். போகாவிட்டால் மனைவி மக்களின் தலை போகும். இத்தகைய பொறியில் அகப்பட்டவரை நாம் எளிதில் குறை கூறிவிடலாகாது.

ஆனால் அந்தப் பொறி ஒரே நாளில் விரிக்கப்பட்டதன்று. அதற்கு முன்பே எகலப்பொல ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலியுடன் இரகசியமாகத் தொடர்பு கொண்டிருந்தார். தேசாதிபதி பிரவுண்றிக்கின் படை உதவிக்கு வருமென்று எதிர்பார்த்தார். அரசனுக்குப் பணிந்து போகவும் மனமில்லை. குடும்பத்தை மீட்ட பின்னரே போர்க்கொடி உயர்த்துவது என்ற திடமுமில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலையிலேயே காலம் கழிந்தது. கடைசியில் சப்பிரகமுவையில் கிளர்ச்சி மூண்டபோது எதிர்பார்த்த உதவி வரவில்லை. மொல்லிகொட என்ற பிரதானியை அனுப்பி அரசன் கிளர்ச்சியை ஒடுக்கினான். எகலப்பொல எல்லையைக் கடந்து ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். கண்டியில் இருந்தவர்கள் கணக்குத் தீர்த்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அடுத்த ஆண்டு இதே மொல்லிகொடவும் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். ஆனால் தம் மனைவி மக்களைப் பத்திரமான இடத்துக்கு அகற்றும்வரை அவர் வெளிப்பட மறுத்துவிட்டார். அவரும் தாமதித்தார், ஆனால் எதற்காகத் தாமதிக்கிறோம் என்பதை அறிந்து தாமதித்தார். நின்று செய்ய வேண்டியதை நின்று செய்க, நில்லாது செய்ய வேண்டியதற்கு நில்லாதே என்று வள்ளுவர் வினைசெயல்வகையில் கூறும் அறிவுரை இவ்விருவர் கதையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நன்கு விளங்கும்.

முடிவில்லாத தயக்கம்

1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி, மெதமகாநுவரைப் பகுதியில் மறைந்திருந்த மன்னன் பிடிபட்டான். மார்ச்சு 2ஆம் திகதி மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. எகலப்பொலவும் கையொப்பமிட்டார். மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையிலே அவனது சமாதி இன்றும் இருக்கிறது.

பகைவன் ஒழிந்தான். பழியும் தீர்ந்தது. ஆனால் எகலப்பொலவுக்கு என்ன கிடைத்தது? அரியணையையே அவர் எதிர்பார்த்திருந்தார் என்பது சரித்திராசிரியர் பலரின் கருத்து. ஆங்கிலேயர் அரியணையைத் தம் மன்னருக்கே உரியதாக்கிக் கொண்டனர். அவர்கள் கொடுக்க முன்வந்த பதவியை எகலப்பொல ஏற்கவில்லை. ‘ஆங்கில அரசாங்கத்தின் நண்பர்’ என்ற பட்டம் ஒன்றே போதும் என்றார். முதல் அதிகார் பதவி மொல்லிகொடவுக்குச் சென்றது.

1817இல் ஊவா வெல்லசைப் பகுதியில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. அதை அடக்க அனுப்பப்பட்டவர் கெப்பெட்டிபொலத் திசாவை, குமாரிகாமியின் உடன்பிறந்தவர். சென்ற இடத்தில் அவர் தம் மனச்சாட்சியைக் கேட்டார். ஆங்கிலேயரின் ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தார். தோல்வியுற்று, 1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் தலை துணிக்கப்பட்டார். அவர் கலங்காது மரணத்தை எதிர்கொண்ட விதத்தை ஹென்றி மார்ஷல் என்ற ஆங்கிலேய இராணுவ வைத்தியரே வியந்து எழுதியிருக்கிறார். எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவரது மண்டையோடு, சுதந்திரத்தின்பின் தாய்நாடு திரும்பி, தலதா மாளிகைக்கு முன்னுள்ள நினைவுச் சின்னத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அந்தக் கிளர்ச்சியில் எகலப்பொல எந்தப் பக்கம்? கிளர்ச்சிக்காரர் அவரைத் தலைவராகப் பெறவில்லை. ஆங்கிலேயர் அவரை நண்பராக நம்பவில்லை. 1818இல் சந்தேகத்தின்பேரில் கைது செய்யப்பட்டு, கொழும்பில் ஆண்டுக்கணக்கில் காவலில் வைக்கப்பட்டார். 1825இல் மொரிசியசுத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829இல் அந்நிய மண்ணிலே காலமானார். பாம்பிள்மூஸ் என்ற ஊரில் அவரது கல்லறை உள்ளது. மனைவி மக்களைப் பலிகொடுத்துப் பெற்ற வெற்றி அவருக்கு ஒரு பிடி சொந்த மண்ணைக்கூடத் தரவில்லை.

மேடையேறிய துயரம்

சரித்திரம் செயல்களைக் குறித்து வைக்கும். உறங்காத இரவுகளைக் குறித்து வைக்காது. அந்தக் குறையை நிரப்பவே நாடகம் பிறந்தது போலும். ஜோன் த சில்வா இந்த வரலாற்றைச் சிங்கள நாடகமாக்கி 1906இல் மேடையேற்றினார். யாழ்ப்பாணத்து நாட்டுக்கூத்து மேடையிலும் கண்டி அரசன் கதை ஆடப்பட்டு வந்திருக்கிறது. 2014இல் ‘எகலப்பொலக் குமாரிகாமி’ என்ற சிங்களத் திரைப்படமும் வெளிவந்தது. இரு மொழி மக்களும் இக்கதைக்குக் கண்ணீர் சிந்தியிருக்கிறார்கள் என்பது நினைக்கத்தக்கது.

ஆனால் கூத்திலும் திரையிலும் மக்கள் மனத்தில் தங்கி நிற்பவர் மன்னனுமல்லர், மந்திரியுமல்லர். தாயின் சேலைத் தலைப்பைப் பற்றி நின்ற ஒரு சிறுவன்தான். கொலைக்களத்தில் மூத்தவன் அஞ்சிப் பின்வாங்கினானாம். அவனுக்கு வயது பதினொன்று. அப்போது இளையவன், ஒன்பது வயது மத்தும பண்டா, முன்னே வந்து, எப்படி இறப்பது என்று தான் காட்டுவதாக அண்ணனுக்குத் தைரியம் சொல்லித் தலையை நீட்டினான் என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

பத்தினி தேவாலயத்தின் அருகில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சம் துணுக்குறுகிறது. ஆராயாமல் தீர்ப்பளித்த பாண்டியன், பிழையை உணர்ந்த கணமே உயிர் துறந்தான். எகலப்பொலவோ பதினைந்து ஆண்டுகள் அந்தப் பிழையைச் சுமந்து வாழ்ந்தார். எந்தத் தண்டனை பெரிது?

நம் வீடுகளில் அரியணைகள் இல்லை; அரசர்களும் இல்லை. ஆயினும் முடிவெடுக்க வேண்டிய நாளில் முடிவெடுக்காமல் தள்ளிப்போடும் தந்தையர் இல்லையா? ஒரு வழக்கை, ஒரு கடனை, ஒரு மகளின் வாழ்வைப் பற்றி இன்று, நாளை என்று கழிக்கும் பெரியவர்கள் இல்லையா? தயங்குகிறவன் தான் மட்டுமே காத்திருப்பதாக எண்ணுகிறான். அவனோடு சேர்ந்து அவன் வீடும் காத்திருக்கிறது. அவனுக்குரிய விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர்கள் அந்த வீட்டிலிருப்பவர்களே.

அடுத்த முறை கண்டிக்குச் செல்லும்போது, தலதா மாளிகையைத் தரிசித்தபின் தேவாலயச் சந்தியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். தந்தை எடுக்கத் தயங்கிய முடிவின் சுமையை ஒரு குழந்தை தயங்காமல் ஏற்ற இடம் அது.