தென்னைக்குக் கீழே இன்னொரு வருமானம்: கோகோ நடும் முன் தெரிஞ்சுக்கோங்க

திருவதிகை, பண்ருட்டி பக்கத்து விவசாயிகள் 2011 டிசம்பர் 30-ஐ மறக்க மாட்டார்கள். அன்று கரை கடந்த தானே புயலில் முந்திரி, பலா தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெல்லோ உளுந்தோ என்றால் அடுத்த பட்டத்தில் மீண்டும் விதைக்கலாம். பலாவும் முந்திரியும் மறுபடி காய்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? இருக்கும் தோப்பிலேயே ஊடுபயிர் செய்யலாம். புதிய முந்திரிக் கன்றுகளுக்கு இடையே முதல் சில ஆண்டுகள் நிலக்கடலை, உளுந்து, காய்கறி போடலாம். வளர்ந்த தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு, கோகோ.

எல்லா நிலத்துக்கும் சரிவருமா?

வராது. கோகோவுக்கு நிழலும் வேண்டும், ஆண்டு முழுவதும் ஈரமும் வேண்டும். வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி நட்டால் கோடையில் வாடிவிடும். சொட்டுநீர் வசதி உள்ள தென்னந்தோப்பே ஏற்றது. மானாவாரி முந்திரிக் காட்டில் நட வேண்டாம். முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு கோகோவையும் விடாது என்பதால், பக்கத்தில் முந்திரி இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

மகசூல் எப்படிக் கூடும்?

• இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவில் 10 அடி இடைவெளியில் நடுங்கள். மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்ப்பு தொடங்கும்.
• கவாத்து தவறக் கூடாது. கிளைகள் அடர்ந்தால் காற்றும் வெளிச்சமும் குறைந்து காயழுகல் நோய் வரும். அழுகிய காய்களை உடனே அகற்றுங்கள்.
• கோகோ தண்டிலேயே பூக்கும். காயைப் பிடித்து இழுக்காமல் கத்தியால் வெட்டுங்கள். காம்படி காயப்பட்டால் அந்த இடத்தில் மறுபடி பூ வராது.
• பூவிலிருந்து காய் முற்ற 5 முதல் 6 மாதம் ஆகும். விதைகளை சுமார் 6 நாள் புளிக்க வைத்து, பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். சாக்லேட்டின் மணத்துக்கான அடிப்படையே இந்தப் புளிப்பில்தான் உருவாகிறது. இதைச் சரியாகச் செய்தால்தான் நல்ல விலை கிடைக்கும்.

கைபேசியில் என்ன செய்யணும்?

2018-ல் தொடங்கப்பட்ட 'உழவன்' செயலியைப் பதிவிறக்கி, உங்கள் கைபேசி எண், மாவட்டம், வட்டாரம், கிராமம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். மானியத் திட்டங்கள், சந்தை விலை, வானிலை எல்லாம் அதிலேயே பார்க்கலாம். மானியத்துக்கு விண்ணப்பிக்க சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் தயாராக இருக்கட்டும். சிட்டாவை வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

கன்று வாங்கும் முன் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் உங்கள் மண்ணையும் நீரையும் பற்றிப் பேசுங்கள். நெய்வேலி, விருத்தாசலம் அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் எந்தக் கன்றுகள் இருப்பில் உள்ளன என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்துக்குப் பேசலாம்.

கடைசியாக ஒன்று. கோகோ விதையை யார் வாங்குவார்கள், பச்சையாகவா உலர்த்தியா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். எடுத்த எடுப்பில் தோப்பு முழுக்க நட வேண்டாம். ஒரு பகுதியில் நட்டுப் பாருங்கள். இரண்டு பயிர் இருந்தால், ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும்.